சிவப்பு ஸ்டிக்கர்

ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம்
அனுப்பர்பாளையத்தில் பாத்திரக்கடை மாடியில்
வெள்ளை வேட்டியை விரித்துக் கட்டிப் படம் போடுவார்கள்.
அரை ஷிப்ட்டு முடித்துப் பஞ்சு ஒட்டிய தலையோடு
நானும் நவமணியும் போய்
கடைசி வரிசையில் ஃபேனுக்குக் கீழே உட்காருவோம்.

படம் முடிந்ததும் ஆளாளுக்குப் பேச வேண்டும்,
அது சங்கத்து விதி.
"மகத்தான படம்" என்பார் தெய்வசிகாமணி,
நூல் கமிஷன் பார்ப்பவர்.
எந்தப் படத்துக்கும் அதைத்தான் சொல்வார்,
எந்த நூலையும் நாற்பதாம் நம்பர் என்று விற்பதுபோல.

எனக்குத் தொழில் செக்கிங்.
நாளைக்கு எண்ணூறு பீஸ் வெளிச்சத்தில் திருப்பிப் போட்டு
ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, தப்பிய தையல்
பார்த்துப் பார்த்து
கண் தானாக உள்பக்கத்துக்குப் போய்விடும்.
படத்திலும் அப்படித்தான் போகிறது, நான் என்ன பண்ணட்டும்.

ஏழு நாட்டில் பரிசு வாங்கிய படம் ஒன்று.
பொட்டல் காட்டில் ஒரு ஆள்
இரண்டரை மணி நேரம் தண்ணி சுமக்கிறான்.
ஒரு சொட்டுத் தளும்பவில்லை.
குடத்துல தண்ணியே இல்லீங் என்றேன்.
"அதெல்லாம் குறியீடும்மா" என்றார்கள்.
குறியீட்டுக்குக் கனம் வேண்டாமா?
காலிக் குடம் தூக்குகிற இடுப்பு எப்படி வளையும்,
நிறைகுடம் தூக்குகிற இடுப்பு எப்படி வளையும்,
பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா தண்ணி விடுகிற தெருவில்
வாழ்க்கைப்பட்டவளுக்கா தெரியாது.

இன்னொன்று எங்களைப் பற்றியே எடுத்தது.
பனியன் கம்பெனி, சாயப்பட்டறை, நொய்யல்,
எல்லாம் சரி, ஓவர்லாக் மெஷின் சத்தம்கூடச் சரி.
படம் முழுக்க அழுகிறோம்.
டிபன் பாக்ஸ் திறக்கும்போதும் அழுகிறோம்.
பதினோரு வருஷமாகத் திறக்கிறேன்,
ஒரு நாளும் அழுது திறந்ததில்லை.
நவமணி கட்டிங் மாஸ்டரைப் போல நடந்து காட்டியதில்
பூவாத்தாக்காவுக்குப் புரையேறி
மோர் மூக்கில் வந்த மத்தியானத்தை
எந்த எடிட்டர் வெட்டி எறிந்தான்?
எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.
நாங்கள் இருவரும் உட்கார்ந்தே இருந்தோம்.
கால் வலி என்று நினைத்திருப்பார்கள்.

சரி, உனக்கு எதும்மா பெரிய படம் என்றார்கள்.

பேர் வாயில் நுழையாத நாட்டுப் படம்.
நடுவில் இருபது நிமிஷம் தூங்கிவிட்டேன், பொய் எதுக்கு.
விழித்தபோது ஒருத்தி
கடைக்காரன் முன்னால் சில்லறை எண்ணுகிறாள்.
ஒரு காசு குறைகிறது.
பக்கத்தில் நிற்கிற பையன்
அம்மாவைப் பார்க்காமல்
சுவரில் தொங்குகிற பழைய காலண்டரைப் பார்க்கிறான்.
அவ்வளவுதான்.
அந்தக் காலண்டரை நான்
கொங்கு மெயின்ரோட்டு மளிகைக் கடையில் பார்த்திருக்கிறேன்,
என் மகன் அதைப் பார்ப்பதையும்.

தூங்கினவள் தீர்ப்புச் சொல்லலாமா என்று
தெய்வசிகாமணி சிரித்தார்.
சொல்லலாமுங்.
மூட்டை முழுக்கப் பிரித்தா நூல் வாங்குகிறீர்கள்,
ஒரு கோனில் ஒரு முழம் உருவித்தானே?

ஆனால் போன மாசம் நைட் ஷிப்ட்டில்
லிஃப்ட் ரிப்பேர்.
தண்ணிக் கேனைத் தோளில் வைத்து
மூன்றாம் மாடி ஏறும்போது
அந்தக் காலிக் குடத்துக்காரன் கூடவே ஏறினான்.
இரண்டாம் மாடியில் நின்று மூச்சு வாங்கினேன்,
அவனும் நின்றான்.
அவனை என்ன செய்வதென்று இன்னும் தெரியவில்லை.

இந்த ஞாயிறு பத்துப் படம் எழுதிய தாளைக் கொடுத்து
மார்க் போடச் சொன்னார்கள்.
நான் போடவில்லை.
ஜாக்கெட் கையில் ஒட்டியே வந்துவிட்ட
சிவப்பு அம்பு ஸ்டிக்கரை உரித்து
தண்ணிக்காரன் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினேன்.
கம்பெனியில் அது டேமேஜுக்கு ஒட்டுவது.

"இதென்னம்மா, நல்லாருக்குன்னா, நல்லால்லைன்னா?"

இங்க பாருங்கன்னு, என்றேன்.
நவமணி அதற்குள் செருப்பைத் தேடப் போயிருந்தாள்,
கடைசி பஸ் ஒன்பது பத்துக்கு.